இரண்டு கேங்கில் ஒரு பேர்

நைனாவின் மஞ்சள் ஹெல்மெட்டைத் தூக்கி எறியச் சொல்லி மூன்று வருடமாக வீட்டில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலையை அவர் விட்டு எட்டு வருடம் ஆகிறது. கல்மண்டபத்தில் எங்கள் ஒன்றரை அறை வீட்டில் மொத்தம் நாலு ஆணி. ஒன்றில் மாதா படம், ஒன்றில் காலண்டர், ஒன்றில் அம்மாவின் ஒயர் கூடை, ஒன்றில் அந்த ஹெல்மெட். என் ஆபீஸ் பை தரையில் கிடக்கும். மாதச் சம்பளம் கொண்டுவருகிறவளின் பை தரையில், வேலையே இல்லாத ஹெல்மெட் சுவரில். கேட்டால் நைனா, "அது பாட்டுக்கு கீது. உன்னிய இன்னா பண்ணுது?" என்பார்.

நல்லவேளை, நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

நைனா பெயர் இக்னேஷியஸ், வயது அறுபத்தெட்டு. ஒரு திங்கட்கிழமை காலை மீன் வாங்கப் போனவர், சங்கரா மீன் பையோடு ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சில் யாரோ மூட்டையைச் சாய்த்த மாதிரி இருந்ததாம். ஆட்டோக்காரர் தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டார். செவ்வாய்க்கிழமை ஆஞ்சியோ. மூன்று அடைப்பு. "பைபாஸ்தான். வெள்ளிக்கிழமை காலையில எடுத்துக்கலாம். இதுக்கு மேல தள்ளிப்போட நான் சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டர்.

அரசு ஆஸ்பத்திரியில் விசாரித்தோம். அங்கே எங்களுக்கு முன்னால் நிறையப் பேர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு என் சம்பளம் குறுக்கே நின்றது. அட்டை கிடைக்காத அளவுக்குச் சம்பளம், ஆஸ்பத்திரிக்கு எட்டாத அளவுக்குச் சம்பளம். பி.காம். முடித்து, திருவொற்றியூரில் கன்டெய்னர் கிடங்கு ஆபீசில் காகிதம் பார்க்கிற வேலையில் சேர்ந்ததற்கு எனக்குக் கிடைத்த மரியாதை அது.

ஆனாலும் நான் தைரியமாகத்தான் இருந்தேன். பேங்க் மூலமாக நைனாவுக்கும் அம்மாவுக்கும் சேர்த்து மூன்று லட்சத்துக்கு ஒரு பாலிசி இருந்தது. அதற்கு வருடா வருடம் நான்தான் கட்டுகிறேன். எங்கள் வீட்டில் இருக்கிற ஒரே பாலிசி அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை காலை ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் கவுன்ட்டரில் இருந்து கூப்பிட்டார்கள். அங்கே உட்கார்ந்திருந்தவர் பெயர் ஜெகதீசன். நாற்பது வயது இருக்கும். கெட்ட செய்தி சொல்வதற்கு முன்னால் கண்ணாடியைத் துடைக்கிற பழக்கம் உள்ளவர். துடைத்தார்.

"மேடம், மூணு லட்சத்துக்கு அப்ரூவல் வந்துடுச்சு. ஆனா எஸ்டிமேட் அஞ்சே கால். மீதிக்கு நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குள்ள ஏற்பாடு பண்ணிடுங்க. இல்லன்னா வெள்ளிக்கிழமை லிஸ்ட்ல இருந்து பேரை எடுத்துடுவாங்க. அடுத்து பத்து நாள் கழிச்சுதான்."

"பத்து நாள் வரைக்கும் அந்த அடைப்பு காத்துகினு இருக்குமா சார்?"

"நான் டாக்டர் இல்லம்மா" என்றார். உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு யாரையாவது கடிக்க வேண்டியிருந்தது.

மேலே வார்டுக்குப் போனேன். நைனா சாய்ந்து உட்கார்ந்து, பக்கத்துக் கட்டில்காரரின் இட்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். நைனா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"அப்ப வா, வூட்டுக்குப் போலாம்."

"இன்னா நைனா, சினிமா டிக்கெட் கெடைக்கலன்ற மாதிரி சொல்ற?"

"மாத்திர குடுத்துக்கீறாங்கல்ல? அத்த துன்னுகினு கம்னு வூட்ல கெடக்கறேன். வலி கூட இப்ப இல்ல."

"வலி இல்லாதது ஊசி போட்டதால."

"அந்த ஊசிய வாங்கிகினு போலாம்."

அம்மா ஒரு சுளையை அவர் வாயில் திணித்தாள். பேச்சை நிறுத்த அவளுக்குத் தெரிந்த வழி. நான் வீட்டுக்குக் கிளம்பினேன். என் கழுத்துச் செயினும் அம்மாவின் ஒரு ஜோடி வளையலும் பீரோவில் இருந்தன. அவற்றை வைத்தாலும் பாதிகூடத் தேறாது என்று தெரியும். இருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு எப்படி நிற்பது?

வீட்டுக்குள் நுழைந்ததும் தரையில் கிடந்த என் பழைய பை காலை இடறியது. நேராகப் போய் பீரோ மூலையில் முட்டிக்கொண்டேன். நெற்றி விண்ணென்று வலித்தது. திரும்பிப் பார்த்தால் ஆணியில் அந்த ஹெல்மெட், ராஜா மாதிரி. வந்த ஆத்திரத்தில் அதைப் பிடுங்கிச் சுவரில் அடித்தேன். உள்ளே தலைக்கு வைக்கிற பட்டைகள் தெறித்து, அவற்றுக்கும் ஓட்டுக்கும் நடுவில் இருந்து பிளாஸ்டிக் கவர் ஒன்று விழுந்தது. ரப்பர் பேண்டு போட்டுச் சுருட்டியிருந்தது.

பிரித்தேன். உள்ளே இரண்டு பாலிசி.

ஒன்று, ஆஸ்பத்திரியில் படுத்தால் நாளுக்கு ஆயிரம் ரூபாய் கொடுக்கிற சின்ன பாலிசி. இன்னொன்று ஐந்து லட்சம். "சூப்பர் டாப்-அப்" என்று போட்டிருந்தது. மூன்று லட்சத்துக்கு மேல் ஆகிற செலவை அது பார்க்கும். இக்னேஷியஸ், அம்மா ஞானம், இரண்டு பேர் பெயரும். ஏழு வருடமாக ஒரு தவணை தவறாமல் கட்டிய ரசீதுகள். கடைசி ரசீது போன மார்ச்.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மார்ச் மாதம் என்றதும் எல்லாம் புரிந்தது. வருடா வருடம் தவக்காலத்தில் நைனா பத்துப் பதினைந்து நாள் மீன்பிடித் துறைமுகத்துக்கு ஐஸ் உடைக்கப் போவார். "இந்த வயசுல இன்னாத்துக்கு?" என்று நான் கத்துவேன். "வேல செஞ்ச கை, சும்மா இருந்தா அரிக்குது" என்பார். ஐஸ் உடைத்து, வெடித்த கையோடு வந்து, துட்டைக் கட்டி, ரசீதை ஹெல்மெட்டுக்குள் சொருகியிருக்கிறார்.

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். என் வேலையே காகிதம் படிப்பதுதான். எந்தக் கப்பல், எந்தப் பெட்டி, எந்தப் பேப்பரில் எந்த ஓட்டை என்று ஊருக்கெல்லாம் பார்த்துக் கொடுக்கிறேன். என் வீட்டுக் காகிதம் என் தலைக்கு மேலே ஏழு வருடமாகத் தொங்கியிருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை. நேற்றும் சொல்லவில்லை. இன்று காலை, செத்தாலும் பரவாயில்லை வீட்டுக்குப் போகலாம் என்றபோதும் சொல்லவில்லை.

கவரை எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

வார்டில் நான் கவரை நீட்டியதும் நைனாவின் முகம் மாறிவிட்டது. பிடிபட்ட திருடன் மாதிரி. சட்டென்று அதைப் பிடுங்கித் தலையணைக்கு அடியில் தள்ளினார்.

"இத்த யாராண்டயும் காட்டுனியா?"

"இன்னும் இல்ல. இப்பதான் கவுன்ட்டர்ல குடுக்கப் போறேன்."

"குடுக்காத! அறிவு கீதா உனக்கு? ரெண்டும் பூடும்!"

"எது பூடும்?"

"ரெண்டு பாலிசியும். அந்தாளு கம்ப்யூட்டர்ல தட்னான்னா ரெண்டு கம்பெனிக்கும் தெரிஞ்சிடும். ரெண்டு கேங்குலயும் பேர் குடுத்தா ரெண்டுலயும் வெட்டிடுவான். ஒண்ணாச்சும் நிக்கட்டும். உட்டுடு ஜூடி."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மாதான் சொன்னாள்.

"உனக்குத் தெரியாது, நீ அப்ப பொறக்கல. என் வயித்துல இருந்த. உங்க நைனா ஒரு மேஸ்திரி கேங்குல பேர் குடுத்துகினு, பக்கத்துக் கப்பல்ல இன்னொரு கேங்குலயும் பேர் குடுத்துட்டாரு. இங்க டீ குடிக்கப் போறேன்னு சொல்லிட்டு அங்க போய்த் தூக்குறது. அங்க ஒண்ணுக்குப் போறேன்னு சொல்லிட்டு இங்க வர்றது."

"ஒரு வாரம் ஓடிச்சு" என்றார் நைனா. அந்த நிலையிலும் குரலில் ஒரு சின்னப் பெருமை.

"எட்டாவது நாள் ரெண்டு மேஸ்திரியும் ஒரே டீக்கடைல குந்தி, 'எங்கேங்குல ஒருத்தன் கீறான், வயிறு சரியில்லாதவன்'னு ஆளுக்கு ஆளு பேசிகினு இருந்துக்கீறானுங்க. ரெண்டு பேரும் சொன்னது ஒரே ஆளுன்னு புரிஞ்சிச்சு. ரெண்டு லிஸ்ட்லயும் பேரு போச்சு. மூணு மாசம் ஹார்பர் கேட்டுக்குள்ள உடல. நான் புள்ளத்தாச்சியா கருவாடு வித்தேன்."

அம்மா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நைனா சிரிக்கவில்லை.

"அதுல இருந்து நான் ரெண்டு எடத்துல நின்னதே இல்ல" என்றார்.

"அப்புறம் எதுக்கு நைனா இத்த போட்ட?"

"ஒரே நேரத்துல காட்டறதுக்கா போட்டேன்? ஒண்ணு எனக்கு. எனக்கு அப்பால உங்கம்மாவுக்கு ஒண்ணு வாணாம்? மொத பாலிசிய நான் துன்னுட்டா அவ இன்னா பண்ணுவா? அதுக்குதான் தனியா வெச்சேன்."

நான் கத்தினேன். எனக்குத் தெரிந்தது அதுதான். "உன் பொண்ணு காலேஜ் போய் வந்தவ! ஒரு தபா என்னான்ட காட்டி, இது தப்பா ரைட்டான்னு கேட்டா உன் வாய்ல முத்து உதிர்ந்துடுமா?" நர்ஸ் வந்து, "கத்தறதா இருந்தா வெளியே போய்க் கத்துங்க" என்றாள். தலையணைக்கு அடியில் கையை விட்டு, கவரை உருவிக்கொண்டு வெளியே போனேன். பின்னால் நைனா, "ஞானம், புடி அவள!" என்றது கேட்டது. அம்மா பிடிக்கவில்லை.

ஜெகதீசன் பாலிசியைப் புரட்டிப் பார்த்தார். இந்த முறை கண்ணாடியைத் துடைக்கவில்லை.

"ஏம்மா, இதை ஏன் முதல்லயே குடுக்கல?"

"ரெண்டு பாலிசி வெச்சிருக்கறது தப்பா சார்?"

"தப்பா? வயசானவங்க நெறையப் பேர் இப்படித்தான் வெச்சிருக்காங்க. ஒரே பெரிய பாலிசின்னா இந்த வயசுல பிரீமியம் தாங்காது. அடியில ஒண்ணு, அதுக்கு மேல ஒண்ணு. உங்க பேங்க் பாலிசி மூணு லட்சம் வரைக்கும் பாக்கும். இது அதுக்கு மேல வர்றதைப் பாக்கும். ஒரே பில்லுக்கு ரெண்டு இடத்துலயும் முழுப் பணம் வாங்கினாத்தான் தப்பு. நாம அப்படி வாங்கலயே. இந்தத் தினப்படி பாலிசி இருக்கு பாருங்க, இது தனி. யார் எவ்வளவு குடுத்தாலும் இது நாளுக்கு ஆயிரம்னு குடுத்துடும்."

"அப்ப அம்மாவுக்கு?"

"அடுத்த வருஷம் புதுப்பிச்சதும் ரெண்டும் பழையபடி முழுசா வந்துடும்மா. தீர்ந்தே போயிடாது."

இதை அவர் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார், பஸ் எத்தனை மணிக்கு என்பது மாதிரி. ஏழு வருடமாக ஹெல்மெட்டுக்குள் கிடந்த பயத்துக்கு இரண்டே வாக்கியத்தில் பதில். எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி இரண்டாவது கம்பெனிக்கு அனுப்பினார். காலையில் பதில் வந்துவிடும் என்றார். போய் நைனாவிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. "வரட்டும் பாக்கலாம்" என்றார், மேஸ்திரி கூப்பிட்டுப் பேரை வெட்டுவதை எதிர்பார்க்கிறவர் மாதிரி.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பதில் வந்தது. ஜெகதீசன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு கேள்வி கேட்டிருக்காங்கம்மா. பாலிசி எடுக்கும்போது ஒரு ஃபார்ம் குடுப்பாங்க. அதுல 'வேற கம்பெனியில பாலிசி இருக்கா'ன்னு ஒரு கேள்வி. உங்க அப்பா 'இல்லை'ன்னு எழுதியிருக்காரு. ஆனா அப்பவே பேங்க் பாலிசி இருந்திருக்கு. விளக்கம் கேக்கறாங்க."

"ரெண்டு வெச்சிருக்கறது தப்பில்லன்னீங்களே சார்."

"வெச்சிருக்கறது தப்பில்ல. கேட்ட கேள்விக்கு மறைச்சு எழுதறதுதான் பிரச்சினை. ஏழு வருஷம் ஆயிடுச்சு, வாதாடிப் பாக்கலாம். கிடைக்கும்னுதான் நெனைக்கறேன். ஆனா கடிதம், பதில், மேலதிகாரின்னு பத்துப் பதினஞ்சு நாள் இழுக்கும். நமக்கு நாலு மணி வரைக்கும்தான் டைம்."

அந்தப் பாலிசியை விற்றது எங்கள் கோயில் பாடற்குழுவில் பாடுகிற பிராங்கிளின் அங்கிள். போன் பண்ணினேன்.

"அங்கிள், அந்த ஃபார்ம்ல இல்லைன்னு ஏன் எழுதுனீங்க?"

"நானாம்மா எழுதுனேன்? ரெண்டு தபா கேட்டேன். 'வேற ஏதாச்சும் கீதா அண்ணே'ன்னேன். உங்க நைனா நெஞ்சுல கைய வெச்சி, 'ஒண்ணும் இல்லடா, சத்தியமா'ன்னாரு. கோயில் வாசல்ல நின்னுகினு ஒரு மனுசன் சத்தியம் பண்ணா நான் இன்னா பண்றது?"

போனை வைத்துவிட்டேன். மறைத்தால்தான் நிற்கும் என்று நினைத்து மறைத்தார். மறைத்ததாலேயே போகப் போகிறது. மாடிப்படி ஏறினேன். நைனாவிடம் சொல்லக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். என் மூஞ்சி எதையும் மறைக்காது.

"இன்னா, வெட்டிட்டானா?" என்றார்.

"வெட்டல. கேள்வி கேட்டுக்கீறான். நீ ஃபார்ம்ல வேற பாலிசி இல்லைன்னு சொல்லிக்கீற."

நைனா கண்ணை மூடிக்கொண்டார். "நான்தான் சொன்னேன்ல. இப்ப ரெண்டும் பூட்ச்சு. உங்கம்மாவுக்கு வெச்சதும் பூட்ச்சு." அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. மானிட்டரில் எண்கள் ஏறின. எனக்குப் பயமாகிவிட்டது. நேற்று நான் கத்தாமல் இருந்திருக்கலாம். கவரை எடுக்காமலே இருந்திருக்கலாம்.

"பூடாது" என்றாள் அம்மா.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மோர் கலக்கிக்கொண்டிருந்தவள், டம்ளரை வைத்துவிட்டு, ஒயர் கூடைக்குள் கையை விட்டாள். சகாய மாதா நவநாள் புத்தகத்தை எடுத்தாள். அதன் நடுப்பக்கத்தில் நாலாக மடித்த ஒரு காகிதம். பிரித்தால் கிழிந்துவிடும் போல மெலிந்திருந்தது.

வாங்கிப் படித்தேன். அந்தக் கம்பெனிக்கு எழுதிய கடிதத்தின் நகல். 'விண்ணப்பத்தில் வேறு பாலிசி இல்லை என்று தவறாகக் குறிப்பிட்டுவிட்டேன். எனக்கு பேங்க் மூலமாக ஒரு பாலிசி உள்ளது. திருத்திக்கொள்ளவும்.' கீழே நைனாவின் கையெழுத்து. மேலே கம்பெனி முத்திரை, பெற்றுக்கொண்ட தேதி. பாலிசி எடுத்து மூன்றே வாரம் கழித்து.

நான் அம்மாவைப் பார்த்தேன். நைனாவும் கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தார்.

"இன்னா பாக்கறீங்க? கோயில் வாசல்ல நின்னுகினு பொய் சத்தியம் பண்ணாரு. நான் பக்கத்துலயே நின்னுகினு கம்னு இருந்தேன். அது பாவம் இல்லியா? பெரிய வெள்ளி வருது. பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் சாமியாராண்ட சொன்னேன். எப்பவும் ஜெபமாலைல அம்பத்து மூணு மணி ஜெபம் சொல்லுன்னு அனுப்புவாரு. அன்னிக்கு, 'ஜெபம் எல்லாம் அப்புறம். முதல்ல போய் அந்த ஃபார்மைத் திருத்திட்டு வாம்மா, அதான் உனக்குப் பரிகாரம்'னுட்டாரு."

"நீயா போன?"

"பின்ன? பஸ் புடிச்சி பாரிஸ் கார்னர்ல கீற கம்பெனி ஆபீசுக்குப் போனேன். கவுன்ட்டர்ல ஒரு பொண்ணு, உன்னாட்டம் வெடுக்கு வெடுக்குன்னு பேசுனா. ஆனா நல்ல பொண்ணு, அவளே எழுதிக் குடுத்தா. பாலிசி போட்டவர் கையெழுத்து வேணும்னு சொன்னா. வூட்டுக்கு வந்து உங்க நைனாகிட்ட வாங்கிகினு மறுநாள் போய்க் குடுத்து முத்திர போட்டு வாங்கியாந்தேன்."

"நான் எங்க போட்டேன் கையெழுத்து?" என்றார் நைனா.

அம்மா முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். "ரேஷன் கார்டுக்குன்னு சொன்னேன்."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. "அது பொய் இல்லியாம்மா?"

"பொய்தான். அதுக்கு அடுத்த வருஷம் தனியா பாவசங்கீர்த்தனம் பண்ணேன். அந்த தபா அம்பத்து மூணு மணியும் சொல்ல வெச்சிட்டாரு."

"நேத்தே இத்த குடுத்திருக்கலாம்ல?"

"நேத்து யாரையாவது பேச உட்டியா நீ? வந்த, கத்துன, புடுங்கிகினு ஓடுன. அப்பால வந்து, எல்லாம் சரியாப் போச்சுன்ன. சரியாப் போனதுக்கு நான் எதுக்குக் காயிதம் தேடணும்?"

காகிதத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மாடிப்படியில் இறங்கினேன். அப்படி ஜாக்கிரதையாக நான் எந்தக் காகிதத்தையும் தூக்கியதில்லை. ஜெகதீசன் அதை வெளிச்சத்தில் பிடித்து, முத்திரையைப் பார்த்து, தேதியைப் பார்த்து, "யார் இதைப் பத்திரமா வெச்சது?" என்றார்.

"அம்மா. அஞ்சாவது வரைக்கும் படிச்சவங்க."

"இவங்களை இங்க வேலைக்கு எடுத்துக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே அனுப்பினார். ஃபார்மை மட்டும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, திருத்தக் கடிதத்தை ஏதோ ஃபைலில் போட்டு மறந்திருப்பார்கள் என்றார். அப்புறம் கம்பெனிக்குப் போன் போட்டு, என்னைவிட நல்ல வார்த்தைகளில், ஆனால் என்னைவிட விடாமல், அரை மணி நேரம் பேசினார். அந்த மனிதரை நான் நேற்றுக் கடித்ததை நினைத்து வெட்கமாக இருந்தது. டீ வாங்கிக் கொடுத்தேன். சர்க்கரை இல்லாமல் வேண்டும் என்றார். மறுபடி போய் வாங்கி வந்தேன்.

பன்னிரண்டு. ஒன்று. இரண்டரை. கவுன்ட்டருக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஜெகதீசன் கண்ணாடியைத் தொடுகிறாரா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்று பத்துக்கு ஒரு தடவை தொட்டார். நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். மூக்கைச் சொறிந்துவிட்டுக் கையை எடுத்தார்.

மூன்று நாற்பதுக்கு எழுந்து நின்றார்.

"வந்துடுச்சும்மா. மீதி முழுக்க ஏத்துக்கிட்டாங்க. நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு அப்பாதான் முதல் கேஸ்."

நான் நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. எதிர் நாற்காலியில் இருந்த யாரோ ஒரு அம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றது மட்டும் நினைவிருக்கிறது. அந்த அம்மாள் ஏன் என்று கேட்கவே இல்லை. முதுகைத் தட்டிக் கொடுத்தாள்.

கையெழுத்துக்காக இரண்டு ஃபார்ம் கொடுத்தார்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒன்று. நைனாவின் மடியில் அட்டையை வைத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். முதலாவதில் போட்டுவிட்டார். இரண்டாவதில் பேனாவைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

"நெசமா ஒண்ணும் ஆவாதா, ஜூடி?"

"ஆவாது நைனா. ரெண்டு மேஸ்திரிக்கும் தெரியும். ரெண்டு பேரும் பேசி வெச்சிகினுதான் உன்னிய கூப்புடறாங்க."

"ரெண்டு பேருக்குமே தெரியுமா?"

"தெரியும்."

இன்னும் யோசித்தார். அம்மா மோர் டம்ளரோடு பக்கத்தில் வந்தாள். "போடு. இது ரேஷன் கார்டு இல்ல."

போட்டார். இக்னேஷியஸ் என்று முழுசாக, ஒவ்வொரு எழுத்தாக. போட்டு முடித்து, இரண்டு கையெழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் தலையணையில் சாய்ந்து ஒரு பெருமூச்சு விட்டார். மானிட்டரில் எண்கள் இறங்கின. அன்று அவர் நாலு மணிக்குத் தூங்கி இரவு ஏழு மணிக்குத்தான் எழுந்தார். ஏழு வருடத்துத் தூக்கம் என்றாள் அம்மா.

வெள்ளிக்கிழமை ஐந்து மணி நேரம் நடந்தது. அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. கதவு மூடியிருந்தது, அப்புறம் திறந்தது, டாக்டர் முகமூடியை இறக்கிவிட்டுச் சிரித்தார். அவ்வளவுதான். அம்மா நவநாள் புத்தகத்தை மூடினாள்.

அடுத்த புதன்கிழமை நைனா வார்டில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, ரகசியம் பேசுகிற மாதிரிக் கேட்டார்.

"அந்த நாளுக்கு ஆயிரம் ரூபா பாலிசி கீதுல்ல? இன்னும் ரெண்டு நாள் சேர்த்து இங்கயே படுத்துகினா, ரெண்டாயிரம் வரும்ல?"

"நைனா!"

"சும்மா கேட்டேன்மா. ரெண்டு கேங்கு ரைட்டுன்னா மூணாவது கேங்கும் ரைட்டான்னு பாத்தேன்."

அப்புறம் என் போனை வாங்கி, துறைமுகத்தில் அவரோடு மூட்டை தூக்கிய அப்பாவு மாமாவுக்குப் போட்டார். அப்பாவு மாமா வியாசர்பாடியில் இருக்கிறார். அவருக்கும் காது மந்தம், நைனாவுக்கும் காது மந்தம். வார்டு முழுக்கக் கேட்டது.

"டேய் மாமு! ரெண்டு கேங்குலயும் பேர் குடுக்கலாம்டா! வெட்ட மாட்டானாம்! ... ஆமாடா, என் பொண்ணு சொல்லுது, படிச்ச பொண்ணு! ... உன்னுது எங்க வெச்சிருக்க? ... இன்னாது? மண்ணெண்ண டின்னுலயா? தூ, கலீஜ் புடிச்சவனே, அதுல வெச்சா எயுத்து அழிஞ்சிடாதா?"

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் எடுத்துகினு வரச் சொல்லு" என்றேன். "ஃபார்ம்ல இன்னா பொய் சொன்னாருன்னும் யோசிச்சிகினு வரச் சொல்லு."

நைனா அதை அப்படியே போனில் கத்தினார். அப்பாவு மாமா பதிலுக்குக் கத்தியது எனக்கே கேட்டது: "மொத பொய்யா, ரெண்டாவது பொய்யாடா?"